சீசன் இல்லாத நேரத்தில் செஃபலூவில் வீடு எடுக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில், வடக்குக் கரையில் இருக்கும் செஃபலூவுக்கு நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போகலாம் என்று நினைத்து, "கடல் தெரியும் வீடு, பாதி வாடகை" என்று ஏதாவது ஒரு விளம்பரத்தை எடுத்து வைத்திருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஊர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வீட்டுக்காரர் மேலும், எங்களுக்குப் படகு டிக்கெட் விற்ற ஏஜென்சி மேலும்தான். பெயர் போடவில்லை. போட்டாலும் பயனில்லை, அந்தக் கரையோரம் முழுக்க இதே மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

நானும் மனைவியும் இருப்பது ஜெர்மனியில். ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். இங்கே இருட்டும் குளிருமாக இருக்கிறதே, நாலு நாள் வெயில் பக்கம் கூட்டிப்போவோம் என்றுதான் நவம்பர் கடைசியில் கிளம்பினோம். சிசிலியின் தலைநகரான பலேர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், சிரமமே இல்லை. விளம்பரத்தில் ஹீட்டிங் வசதி உண்டு என்று தெளிவாகவே போட்டிருந்தது.

கதவைத் திறந்ததுமே பூஞ்சை வாடை. செப்டம்பரிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. தரை முழுக்க டைல்ஸ், சுவர் கல், பால்கனிக் கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி. அதன் வழியே கடற்காற்று நேராகக் கட்டிலுக்கு வந்தது. மெத்தையைத் தொட்டால் துவைத்துப் பாதி காய்ந்த துணி போல ஈரம். கையோடு கொண்டுபோன சின்ன தெர்மாமீட்டர் 13 டிகிரி காட்டியது. வெளியே 16. அத்தை ஸ்வெட்டரைக் கழற்றாமலே உட்கார்ந்து, "மாப்பிள்ளை, அங்க வெளியிலதான் குளிரு. இங்க வீட்டுக்குள்ள குளிருதே" என்றார்.

சுவரில் ஏசி இருந்தது. சூடான காற்றும் தரும் வகை. பெரிதாக எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் சூடு கொடுத்தால் போதும் என்று பார்த்தால் ரிமோட் இல்லை. வீட்டுக்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன். வந்த பதில்: "இத்தாலியச் சட்டப்படி டிசம்பர் 1 வரை ஹீட்டிங் போடக் கூடாது."

இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இது முழுப் பொய் இல்லை. வீடுகளைச் சூடாக்குவதற்கு இத்தாலியில் 1993லிருந்தே நாட்காட்டி உண்டு. நாட்டைக் குளிருக்கு ஏற்ப ஏ முதல் எஃப் வரை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பலேர்மோ பி மண்டலம்: டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, நாளுக்கு 8 மணி நேரம். ஆனால் அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. குளிர் அதிகமாக இருந்தால் அந்தத் தேதிகளுக்கு வெளியிலும், வழக்கமான நேரத்தில் பாதி வரை போட்டுக்கொள்ளலாம். அதை அவர் சொல்லவில்லை. நான் எடுத்துச் சொன்னதும் சட்டப் பேச்சு நின்றுபோனது. "சரி, ரிமோட் வேண்டுமென்றால் நாளுக்கு 10 யூரோ, குளிர்கால மின்சாரத்துக்கு, ரொக்கமாக" என்றார். பத்து யூரோவைப் பார்த்தால் சட்டம் கூட ஒதுங்கி நிற்கும் போலிருக்கிறது.

விளம்பரத்தில் இல்லாத கட்டணம் தர மாட்டேன் என்றேன். ஒரு மணி நேரத்தில் அவருடைய ஆள் ஒருவர், உள்ளே சிலிண்டர் வைத்த, சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் ஒன்றை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். இது இலவசமாம். தயவுசெய்து யாரும் இதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிற அறையில் இதை எரிய விட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாடையும் இருக்காது, தூங்குகிறவருக்குத் தெரியவும் தெரியாது. சுற்றுலாவுக்கு வாடகை விடும் வீடுகளில் கேஸ் கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் கண்டுபிடிக்கும் கருவி கட்டாயம் என்று இத்தாலியிலேயே சட்டம் இருக்கிறது. அந்த வீட்டில் இரண்டும் இல்லை. ஹீட்டரை அப்படியே திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் அத்தைக்காக அந்த 10 யூரோவைக் கொடுத்தோம். ரிமோட் வந்தது. இரவு ஏசி ஓட, கீசர் ஓட, மனைவி மின்னடுப்பில் ரசத்துக்குத் தண்ணீர் வைத்தாள். பட்டென்று வீடு முழுக்க இருட்டு. இத்தாலியில் சாதாரண வீட்டு இணைப்பு 3 கிலோவாட்தான். அதைக் கணிசமாகத் தாண்டினால் மீட்டரே மின்சாரத்தை நிறுத்திவிடும். மீட்டர் இருந்தது கீழ்த்தளத்தில் பூட்டிய அலமாரிக்குள். சாவி வீட்டுக்காரரிடம். அவர் இருப்பது பலேர்மோவில். போன் டார்ச்சோடு மாடிப்படியில் நின்று அழைத்துக்கொண்டே இருந்தேன். அக்கம்பக்கத்தில் விளக்கு எரிகிற வீடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கோடையில் மட்டும் திறக்கிற வீடுகள்.

படகு விஷயம் இதைவிடச் சுருக்கம். செஃபலூவிலிருந்து லிபாரி, வுல்கானோ தீவுகள் பக்கம் போகும் உலாப் படகுகள் கோடைக்கானவை. எங்களுக்கு நவம்பர் தேதி போட்டே டிக்கெட் விற்றார்கள். முந்தின நாள் மாலை "கடல் சரியில்லை" என்று மெயில். பணம் வராது, அடுத்த சீசனுக்கு வவுச்சராம். துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தேன். அந்தப் படகைக் கரையேற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றார். கப்பல் ரத்தானால் பணம் திரும்பத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் விதி உண்டு, ஆனால் உலாப் படகுகளை அதில் சேர்க்கவில்லை. இவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கிறது. குளிர்காலத்தில் அந்தத் தீவுகளுக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் மிலாட்சோ துறைமுகத்திலிருந்துதான் வழக்கமான கப்பல். அதிலும் அலை எழும்பினால் முதலில் நிற்பது வேகப்படகுதான். எனவே திரும்புகிற விமானத்துக்கு முந்தின நாளைத் தீவுக்கு வைக்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. திறந்திருக்கும் உணவகங்கள் குறைவு. மெனுவில் மீனுக்கு எதிரே 7 யூரோ என்று இருந்தால் அது பெரும்பாலும் 100 கிராமுக்கு. 900 கிராம் மீன் தட்டில் வந்தால் 63 யூரோ. சமைக்கும் முன் கண் முன்னால் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள், அங்கே அது வழக்கம்தான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த மீன்.

ஊர் மட்டும் அருமை. 1131ல் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜர் கட்டத் தொடங்கிய கதீட்ரலில் அத்தனை பெரிய தங்க மொசைக் கிறிஸ்துவுக்கு எதிரே நாங்கள் மூன்று பேர் மட்டும். கோடையில் இது நடக்காது. அதனால்தான் போகாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

மீதி நாட்களுக்குப் பலேர்மோவில் ஹோட்டலுக்கு மாறிவிட்டோம். அங்கே தமிழர்கள் நிறைய. பல்லாரோ சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, கடற்கரை வீடெல்லாம் வெயிலுக்குக் கட்டினது. குளிருக்கை எடுக்கிறதெண்டால், போன மாசம் ஆர் இருந்தவை எண்டு கேளுங்கோ. ஒருத்தரும் இருக்கேல்லை எண்டால் விடுங்கோ." நான் படித்த எந்த வழிகாட்டியிலும் இதைவிட நல்ல கேள்வி இல்லை. விமர்சனங்களில் டிசம்பர், ஜனவரி தேதி போட்டவற்றை மட்டும் தேடிப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். ஹீட்டிங் எதில் ஓடுகிறது, மின்சாரம் வாடகையில் சேர்ந்ததா, மீட்டர் எங்கே என்று வீட்டைப் பதிவு செய்யும் இணையத்தளத்தின் மெசேஜிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். 2025 ஜனவரி 1 முதல் இப்படி வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாளக் குறியீடு வேண்டும், விளம்பரத்திலும் கட்டடத்தின் வெளியிலும் அது இருக்க வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் இல்லை. அதையும் படம் எடுத்து வைத்தேன்.

தெர்மாமீட்டர் படம், ரிமோட்டுக்குப் பணம் கேட்ட மெசேஜ், அந்தக் காலி வாசல் மூன்றையும் உடனே அனுப்பியதால் தளம் வாடகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. ரொக்கமாகக் கொடுத்தது போனது போனதுதான், ரசீது இல்லை. படகுப் பணத்துக்கு என் வங்கியில் கார்டு புகார் கொடுத்திருக்கிறேன். படகு கரையில் ஏற்றி வைத்திருக்கும் படத்தையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். ஏஜென்சி இன்னும் பதில் சொல்லவில்லை.