பெர்லினுக்குப் பெட்டி கட்ட ஈரோட்டில் ஒரு பொடிக்கடை

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு இந்தக் கடையைத் தாராளமாகச் சொல்லலாம். கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி எல்லாம் நன்றாக ஆறிய பிறகுதான் பொட்டலமாகிறது. சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து, கட்டி தட்டி, பூசணம் பூத்துவிடும். காற்றை உறிஞ்சிக் கட்டிய அரைக் கிலோ பொட்டலம் செங்கல் மாதிரி, பெட்டியில் அடுக்க அவ்வளவு வசதி. வரமிளகாயை மட்டும் அப்படிக் கட்டச் சொல்லாதீர்கள். காம்பு கவரைக் குத்திக் காற்று ஏறிவிடும். தூளாகவே வாங்குங்கள்.

பெரிய குறை, கேட்டால் ஊத்துக்குளி நெய்யையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இங்கிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுபோகக் கூடாது, சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அது தேவையில்லை. செக்குக் கடலை எண்ணெய் வாங்கினால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, செக்-இன் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.