ஹோய் ஆனில் தைத்த கோட்டு: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

2024 ஜனவரியில் வியட்நாம் சென்றிருந்தபோது, ஹோய் ஆன் நகரில் எனக்கு ஒரு கோட்டும் அதற்கு இணையான பேண்ட்டும் மூன்று பருத்திச் சட்டைகளும், என் மனைவிக்கு இரண்டு ரவிக்கைகளும் தைத்துக்கொண்டோம். அந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாகத்தான் எழுதியிருப்பேன். கேரள–தமிழக எல்லையில் இருக்கும் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையின் மேட மாத (சித்திரை) வெயிலையும் இரண்டு தென்மேற்குப் பருவமழைகளையும் அந்தத் துணிகள் பார்த்துவிட்ட பிறகு எழுதுவதால், சொல்ல வேண்டியது மாறியிருக்கிறது.

கொச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு 2023 ஆகஸ்டில் நேரடி விமானம் தொடங்கியது எங்களைப் போன்ற எல்லைப்புறத்தாருக்குப் பெரிய வசதி. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் டா நாங் போய், காரில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றால் ஹோய் ஆன். சீன, ஜப்பானிய வணிகர்கள் வந்து தங்கிய பழைய துறைமுகம். 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஊர். மஞ்சள் சுவர் வீடுகளுக்கு நடுவே தெருவுக்குத் தெரு தையற்கடைகள் இருக்கின்றன. 24 மணி நேரத்தில் தைத்துத் தருவதாகக்கூடச் சொல்கிறார்கள். கடையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அளவெடுப்பவர்களும் விற்பவர்களும்தான். எங்கள் துணி வேறெங்கோ ஒரு பட்டறைக்கு ஸ்கூட்டரில் போய், மறுநாள் மாலை அதே ஸ்கூட்டரில் உருவம் பெற்றுத் திரும்பியது.

கோட்டுக்கும் பேண்ட்டுக்குமாக 45 லட்சம் டாங் கொடுத்தேன். லட்சக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும்போது கை சற்று நடுங்கியது. நம் பணத்தில் கணக்கிட்டால் சுமார் 15,000 ரூபாய்.

முதலில், குறை சொல்ல முடியாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வழக்கம்போல அளவு ஜாக்கெட் ஒன்றைப் பெட்டியில் எடுத்து வந்திருந்தாள். அந்தக் கடைக்காரப் பெண் சேலை ரவிக்கையை அதற்கு முன் தைத்திருப்பாரா என்பதே சந்தேகம். ஆனால் அளவு ஜாக்கெட்டை மேசையில் விரித்து, கைக்குழியையும் டார்ட் எனும் மடிப்புத் தையலையும் விரலால் தடவிப் பார்த்து, உள்பக்கம் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டார். வந்த இரண்டு ரவிக்கைகளும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. கொக்கிகள் மட்டும் சற்றுச் சிறியவை. அதைப் பார்த்து நானும் ஊரிலிருந்து உடுத்திச் சென்ற பழைய சட்டை ஒன்றையே அளவாகக் கொடுத்தேன். அந்த மூன்று சட்டைகளும் இன்றுவரை வாரத்துக்கு ஒருமுறை சலவைக்குப் போய் வருகின்றன. காலர் ஓரம் லேசாக வெளுத்ததைத் தவிர வேறு பழுதில்லை.

கோட்டுக்குத்தான் அளவு கொடுக்க எதுவும் இல்லை. டேப் வைத்து இருபதுக்கும் மேற்பட்ட அளவுகள் எடுத்தார்கள். இரண்டு முறை ட்ரையல் பார்த்தேன். இரண்டு முறையும் கண்ணாடி முன் நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்து பார்க்கவில்லை, கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. மைத்துனர் மகளின் திருமண வரவேற்பில் பந்தியில் உட்கார்ந்தபோதுதான் பேண்ட்டின் இடுப்பு அதன் கருத்தைச் சொன்னது.

கோட்டின் உண்மையான குறை முதல் மழைக்காலம் முடிந்தபோது தெரிந்தது. அலமாரியில் தொங்கிய கோட்டின் மார்புப் பகுதியில் அப்பளம் பொரிந்ததுபோலச் சிறுசிறு கொப்புளங்கள். கூடவே காலருக்கு அடியில் வெள்ளைப் பூசணம். கோவையில் ட்ரை கிளீனிங் கொடுத்ததில் பூசணம் போயிற்று, கொப்புளம் கூடிற்று. எங்கள் ஊர்த் தையற்காரர் மார்புத் துணியை இரு விரலால் கிள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது ஒட்டுக் கேன்வாஸுங்க. பசையில ஒட்டியிருக்காங்க, தைக்கல. ஈரம் பட்டா விட்டுப் போகும்" என்றார். கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்பதற்கு மேல்துணிக்கும் லைனிங்குக்கும் இடையில் வைக்கும் துணியைத் தைத்தும் சேர்க்கலாம், பசைத் துணியை இஸ்திரிச் சூட்டில் ஒட்டியும் சேர்க்கலாம். இரண்டே நாளில் தைத்துத் தரும் கடைகளுக்கு இரண்டாவது வழிதான் கட்டுப்படியாகும்.

பிறகு கீழ் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். சுத்தமான கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்திருக்கும். இது உருகிச் சுருண்டு கடுகளவு கறுப்பு மணியாக இறுகியது. கடையில் சொன்னது முழுக் கம்பளி என்று. கையில் இருந்ததில் பெரும்பங்கு பாலியஸ்டர். குறையிருந்தால் அனுப்பி வையுங்கள், இலவசமாகத் திருத்தித் தருகிறோம் என்று அந்தக் கடை எழுத்திலேயே கொடுத்திருந்தது. ஆனால் போக வரக் கூரியர் செலவைக் கேட்டபோது, கோட்டு அங்கே போகவேண்டிய தேவையே இல்லை என்று முடிவு செய்தேன்.

பேண்ட்டின் கதை வேறு. நம்மூரில் பின்பக்க நடுத்தையலில் ஒன்றரை அங்குலமாவது துணி விட்டுத் தைப்பார்கள்; வயதோடு இடுப்பும் வளரும் என்பது தையற்காரருக்குத் தெரியும். இதைப் பிரித்தபோது உள்ளே அரை அங்குலம்கூட இல்லை. அங்கே கடையை விட்டுக் கிளம்பும்போது என் மனைவி மிச்சத்துணியைக் கேட்டு வாங்கி, அந்தப் பெண் சிரிக்கச் சிரிக்கப் பையில் திணித்துக்கொண்டாள். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. அந்தத் துணியில் ஒரு முக்கோணத்தை வெட்டித்தான் எங்கள் ஊர்த் தையற்காரர் பின்பக்கம் வைத்துத் தைத்து, இடுப்பை இரண்டு அங்குலம் பெரிதாக்கிக் கொடுத்தார். கூலி 250 ரூபாய்.

மறுபடி போனால் பருத்தியும் லினனும் தைப்பேன். அளவுத்துணி கொண்டு போவேன். உள்ளே துணி விடச் சொல்லி, பிரித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகே மீதிப் பணத்தைக் கொடுப்பேன். கோட்டு தைப்பதானால் நாலைந்து நாள் தங்க வேண்டும், மூன்று ட்ரையலாவது பார்க்க வேண்டும், தைத்த கேன்வாஸ் என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும். அப்போது விலையும் இரட்டிப்பாகலாம். பேண்ட்டை வெள்ளைச் சட்டையோடு இப்போதும் உடுத்துகிறேன். கோட்டு அலமாரியில் தொங்குகிறது. மிச்சத்துணியில் இன்னும் ஒரு முழம் இருக்கிறது, அதை என் மனைவி யாருக்கும் கொடுப்பதாக இல்லை.