கோடாக்ஸ் ஏடி200 ப்ரோ: ஜிம் போட்டோஷூட்டுக்கு மூன்று சின்ன லைட் போதும்

ஜிம்மில் படம் எடுக்க எந்த ஃப்ளாஷ் லைட் வாங்கலாம் என்று கேட்பவர்கள் எல்லோரும் பவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 400 வாட் செகண்ட் வேண்டுமா, 600 வேண்டுமா என்று. இரண்டு வருஷமாக பாடி பில்டர்களையும் ஜிம் மாஸ்டர்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், என்னிடம் இருப்பது மூன்று கோடாக்ஸ் ஏடி200 ப்ரோ, இரண்டு ஸ்ட்ரிப் சாப்ட்பாக்ஸ் (லைட்டின் மேல் மாட்டும் நீளமான, ஒல்லியான துணிப்பெட்டி), ஒரு 55 செ.மீ. பியூட்டி டிஷ் (கிண்ணம் மாதிரியான ரிஃப்ளெக்டர்). உடம்பில் இருக்கும் கட்ஸை, அதாவது தசைகளைப் பிரித்துக் காட்டும் கோடுகளை, படத்தில் கொண்டுவர வெளிச்சம் நிறைய வேண்டாம், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவ்வளவு ஒல்லியாக வருகிறது என்பதில்தான் வேலை இருக்கிறது. அதற்கு இந்தச் சின்ன லைட் தாராளமாகப் போதும்.

முதலில் லைட்டைப் பற்றி. ஒரு அடிக்கு அது தரும் சக்தி 200 வாட் செகண்ட். ஒரு செங்கல்லைவிட ஒல்லி, பேட்டரி அதன் உடம்பிலேயே மாட்டிக்கொள்கிறது, வயர் கிடையாது. முழு பவரில் சுமார் 500 தடவை அடிக்கும் என்று கம்பெனி சொல்கிறது. நான் முழு பவரில் வைப்பதே அபூர்வம் என்பதால் ஒரு ஷூட்டின் நடுவில் பேட்டரி மாற்றியதாக நினைவே இல்லை. முழு பவரில் அடித்தாலும் அடுத்த ஷாட்டுக்கு 1.8 செகண்டில் தயாராகிவிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உள்ளேயே இருப்பதால் கேமராவின் மேல் எக்ஸ்ப்ரோ ட்ரிகர் (லைட்டை ரேடியோவில் எரிய வைக்கும் கருவி) ஒன்று இருந்தால் மூன்று லைட்டையும் நின்ற இடத்திலிருந்தே கூட்டிக் குறைக்கலாம். பெட்டியில் இரண்டு ஹெட் வரும், ஒன்று தட்டையான ஃப்ரெனல், இன்னொன்று கண்ணாடிக் குழல் வெளியே தெரியும் பேர் பல்ப். ஆரம்பத்தில் குழல் உடைந்துவிடும் என்று பயந்து ஃப்ரெனலையே சாப்ட்பாக்ஸுக்குள் மாட்டினேன். அது தவறு. ஃப்ரெனல் நேராக முன்னால்தான் அடிக்கிறது, அதனால் 160 செ.மீ. நீள ஸ்ட்ரிப்பில் நடுப்பகுதி மட்டும் வெள்ளையாக எரிந்து மேலும் கீழும் மங்கிப்போகிறது, படத்தில் விலாவில் வெளிச்சம் இருக்கும், தொடை இருட்டில் கிடக்கும். பேர் பல்ப் எல்லாப் பக்கமும் சிதறுவதால் ஸ்ட்ரிப் முனை முதல் முனை வரை ஒரே மாதிரி நிரம்புகிறது.

ஸ்ட்ரிப் எதற்கு என்று கேட்டால், நம் ஊர்த் தோலைத்தான் காட்டுவேன். கறுப்பு, மாநிறத் தோலில் தசையின் வடிவத்தைக் காட்டுவது அதன் மேல் விழும் மினுமினுப்புக் கோடுதான். முன்னாலிருந்து பெரிய குடையை வைத்து வெளிச்சத்தைக் கொட்டினால் தோல் பிரகாசமாகும், ஆனால் உடம்பு தட்டையாகிவிடும், ஆறு மாசம் டயட் இருந்தவரும் நேற்று ஜிம்மில் சேர்ந்தவரும் ஒரே மாதிரி தெரிவார்கள். நீளமாக ஒல்லியாக ஒரு வெளிச்சத்தை ஆளின் பின்பக்கமாக, சற்று ஓரத்தில், ஃப்ரேமுக்கு வெளியே நிறுத்திப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு வெள்ளைக் கோடு ஓடும், அது ஒவ்வொரு தசையின் மேட்டிலும் ஏறி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும். இரண்டு பக்கமும் இப்படி ஒவ்வொன்று. மூன்றாவதாக பியூட்டி டிஷ்ஷை முகத்துக்கு மேலே உயரத்தில் வைத்துக் கீழே சாய்த்தால் வயிற்றில் ஒவ்வொரு பேக்குக்கும் அடியில் ஒரு நிழல் விழும். அந்த நிழல் இல்லாவிட்டால் ஆப்ஸே இல்லை. ஸ்ட்ரிப்புகளின் முன்னால் தேன்கூடு மாதிரியான துணி கிரிட் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் நேராக லென்ஸுக்குள் புகுந்து படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும்.

போன மாசம் கோயம்புத்தூரில் ஒரு மாடி ஜிம்மில் எடுத்த ஷூட்டைச் சொல்கிறேன், இந்த லைட்டின் நல்லது கெட்டது இரண்டும் அதில் இருக்கிறது. அந்த ஜிம் மாஸ்டரிடம் பயிற்சி எடுக்கும் ஒரு தம்பிக்கு மாவட்ட பாடி பில்டிங் போட்டி முடிந்த மறுநாள் தேதி வைத்தோம். போட்டிக்காக உடம்பை ஏற்கனவே இறக்கி வைத்திருப்பார்கள், படத்துக்காக மறுபடி வருத்த வேண்டாம். படத்துக்காகத் தண்ணீர் குடிக்காமல் வா என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, அவர்களாகவே அப்படி வந்தாலும் முதலில் குடிக்க வைத்துவிட்டுத்தான் கேமராவைத் தொடுவேன். வெளிச்சம் சரியாக விழுந்தால் ஒரு டம்ளர் தண்ணீரால் கட்ஸ் ஓடிவிடாது.

முந்தின நாளே போய் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். மூன்று சுவரிலும் கண்ணாடி, அதில் எந்தக் கோணத்தில் நின்றால் நானும் ஸ்டாண்டும் தெரியமாட்டோம் என்று செல்போனில் எடுத்துப் பார்த்து, தரையில் டேப் ஒட்டிவிட்டு வந்தேன். மேலே டியூப் லைட், ஒவ்வொன்றும் ஒரு நிறம். அவற்றை முழுக்கச் சாகடிக்க கேமராவில் ஷட்டர் 1/200, எஃப் 8, ஐஎஸ்ஓ 100 வைத்து ஃப்ளாஷ் எதுவும் எரியாமல் ஒரு படம் எடுக்க வேண்டும், அது சுத்தமாகக் கறுப்பாக வந்தால்தான் வேலையைத் தொடங்கலாம். அப்புறம் லைட்டுகளை ஒவ்வொன்றாகத் தனியே எரித்துப் பார்க்க வேண்டும், மூன்றையும் ஒரே நேரத்தில் எரித்துவிட்டு எது கெடுக்கிறது என்று தேடுவது வீண். பின்னால் இருக்கும் இரண்டும் முன்னால் இருப்பதைவிட ஒரு ஸ்டாப் கூட, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்.

சீலிங் ஃபேனை அணைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். பெரிய ஸ்ட்ரிப் ஒரு பாய்மரம் மாதிரி, ஃபேன் காற்றுக்கே ஸ்டாண்டோடு ஆடி சாயப் பார்த்தது, மாஸ்டர் எட்டிப் பிடித்தார். அவரே இரண்டு 10 கிலோ பிளேட்டைக் கொண்டுவந்து ஸ்டாண்டின் காலில் போட்டு, “இனிமே புயலே வந்தாலும் ஆடாது சார்” என்றார். மணல் மூட்டை தூக்கிக்கொண்டு போகும் வேலை அன்றோடு எனக்கு மிச்சம்.

லைட் செட் ஆகும் வரை தம்பியை நிறுத்தி வைக்காமல், உயரத்தில் அவனை ஒத்த இன்னொரு பையனை டேப்பில் நிற்க வைத்தேன். எல்லாம் சரியானதும்தான் தம்பியைப் புஷ்-அப்பும் ரெசிஸ்டன்ஸ் பேண்டும் போடச் சொன்னோம். அந்தப் பம்ப், அதாவது ரத்தம் ஏறித் தசை புடைத்திருப்பது, நீடிப்பது பதினைந்து இருபது நிமிஷம், அதற்குள் நெஞ்சும் கையும் முடிந்துவிட வேண்டும், பிறகு முதுகு, கடைசியில் கால். மெல்லிசாக பேபி ஆயில், அதன் மேல் பாதி தண்ணீர் பாதி கிளிசரின் கலந்த ஸ்ப்ரே. வெறும் தண்ணீர் அடித்தால் வழிந்து காய்ந்துவிடும், கிளிசரின் முத்து முத்தாக நிற்கும். ஆனால் ரப்பர் மேட்டில் விழுந்தால் வழுக்கும், வெயிட் தூக்கும் ஷாட்டுக்கு முன் தரையையும் கையையும் நன்றாகத் துடைக்க வேண்டும், இதில் அவசரமே கூடாது.

இரண்டு கையையும் மடக்கிக் காட்டும் பிரன்ட் டபுள் பைசெப்ஸ் போஸில் இடது ஸ்ட்ரிப்பை ஒரு அடிதான் பின்னால் தள்ளினேன். அக்குளுக்குக் கீழே விலாவில் விரல் விரலாக இறங்கும் செரேட்டஸ், அதுவரை ஒரு சாம்பல் திட்டாகக் கிடந்தது, நான்கு தனிக் கோடுகளாகப் பிரிந்து வந்தது, ஒவ்வொரு கோட்டின் விளிம்பிலும் ஒரு துளி வியர்வை. மாஸ்டர் லேப்டாப் பக்கம் குனிந்து, “நேத்து ஸ்டேஜ்ல கூட இவ்ளோ தெரியல தம்பி, இத வர வைக்க எத்தன மாசம் திட்டியிருப்பேன்” என்றார். தம்பி எதுவும் சொல்லவில்லை, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்போது லைட் மூன்றும் எட்டில் ஒரு பங்கு பவரைத் தாண்டவில்லை.

குறைந்த பவரில் அடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. முழு பவரில் இந்த லைட் எரியும் நேரம் சுமார் 1/220 செகண்ட், பேட்டில் ரோப் மாதிரி வேகமான ஷாட்டில் கயிற்றின் நுனி இழுத்துவிடும். பவரைக் குறைக்கக் குறைக்க அந்த மின்னல் குட்டையாகும், கயிறும் தெறிக்கும் வியர்வையும் காற்றில் உறையும். அதனால் ஆக்‌ஷன் ஷாட்டுக்கு பவரைக் கூட்டாமல் லைட்டை ஆளின் கிட்டே கொண்டுவாருங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு.

குறைகள். பேர் பல்ப் ஹெட்டில் மாடலிங் லைட் (நிழலை முன்கூட்டியே காட்டத் தொடர்ந்து எரியும் சின்ன விளக்கு) கிடையாது, நிழல் எங்கே விழும் என்று அடித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் செல்போன் டார்ச்சை ஸ்ட்ரிப்பின் வாயில் பிடித்து நகர்த்திப் பார்த்துக்கொள்கிறேன், சமாளிக்கலாம், ஆனால் இந்த வேலைக்கு இதுதான் இதன் பெரிய குறை. சாப்ட்பாக்ஸ் மாட்டும் போவன்ஸ் மவுன்ட் லைட்டில் நேராக இல்லை, எஸ்2 பிராக்கெட் தனியாக வாங்க வேண்டும், மூன்று லைட்டுக்கு மூன்று. விடாமல் முழு பவரில் அடித்தால் சூடாகி மெதுவாகிவிடும். நடு மதியம் வெட்டவெளியில் சூரியனோடு போட்டி போட 200 போதாது, பீச்சில் பகலில் எடுப்பவர்களுக்கு ஏடி600 ப்ரோதான் சரி. ஏடி-பி2 பிராக்கெட்டில் இரண்டு ஏடி200ஐச் சேர்த்து 400 ஆக்கலாம், ஓரளவு தாங்கும்.

ட்ரிகரை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். ஒருமுறை என்னுடையது ரிப்பேரில் இருந்தபோது ஒரு கடையில் எடுத்துப் போனேன், மூன்று ஷாட்டுக்கு ஒரு ஷாட் லைட் எரியவில்லை, ஒருவருடைய பம்ப் முழுக்க அதிலேயே வீணானது. அவர் எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

மூன்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் ஒரு லைட், ஒரு ஸ்ட்ரிப், ஒரு ட்ரிகர், கனமான ஒரு ஸ்டாண்ட். அதை வைத்து ஒரே பக்கத்திலிருந்து பத்து ஆட்களை எடுத்துப் பழகிவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். ஸ்ட்ரிப் வாங்கும்போது கடையிலேயே பையைப் பிரித்து உள்ளே கிரிட் துணி இருக்கிறதா என்று பாருங்கள், சில மாடலில் அது கூடவே வரும், சிலதில் வராது.