ஸ்கெட்ச்அப் பிளக்கின்கள்: வருடக் கணக்கில் பயன்படுத்தியதில் என்னோடு தங்கியவை

3டி மாடல் வரையும் மென்பொருளான ஸ்கெட்ச்அப்புக்குப் புதிதாக வருபவர்கள், அதில் கூடுதலாக ஏற்றிக்கொள்ளும் பிளக்கின்களில் முதலில் தேடுவது உருவம் செய்பவற்றைத்தான். வளைந்த கூரை, முறுக்கிய தூண், அலை அலையான சீலிங். நானும் அவற்றில் நிறைய ஏற்றிப் பார்த்திருக்கிறேன். ஆனால் கோவையில் வீடுகளும் இன்டீரியர் வேலைகளும் செய்யும் எங்கள் சிறிய அலுவலகத்தில் தினமும் திறக்கப்படுபவை வேறு. மாடலைச் சரிபார்ப்பவை, மாடலிலிருந்து அளவும் எண்ணிக்கையும் எடுத்துத் தருபவை. இந்த இரண்டு வகைதான் கடைசியில் நின்றது. அதனால் இந்தப் பகிர்வில் அவற்றுக்கே அதிக இடம்.

முதலில் ஓப்பன்கட்லிஸ்ட். பிரான்ஸில் உள்ள மரவேலை ஆர்வலர்களின் சமூகம் ஒன்றிலிருந்து வந்த, முழுக்க இலவசமான, திறந்த மூல பிளக்கின். நீங்கள் வரைந்த அலமாரியைப் படித்து, எத்தனை பலகை, என்ன அளவு, எந்த மெட்டீரியல் என்று பட்டியல் போடும். அத்தோடு ஒவ்வொரு ப்ளைவுட் ஷீட்டிலும் எந்தத் துண்டை எங்கே வெட்ட வேண்டும் என்று படமும் தரும். இன்டீரியர் வேலையில் பணம் போகும் இடம் ப்ளைவுட்தான் என்பதால், இந்தப் படம்தான் எனக்குப் பெரிய விஷயம்.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். வார்ட்ரோபின் ஆழம் வழக்கமாக 2 அடி என்று பேசுவோம், அதாவது 610 மி.மீ. நம் ஊரில் கிடைக்கும் 8-க்கு 4 ஷீட்டின் அகலம் 1220 மி.மீ. கணக்குப்படி இரண்டு பக்கப் பலகை சரியாக வந்துவிடும் போலத்தான் தோன்றும். ஆனால் நடுவில் பிளேடு தின்னும் 3 மி.மீ. இருக்கிறது. 610, 610, 3 சேர்ந்து 1223 ஆகிவிடும், ஷீட்டில் அடங்காது. ஒரு பலகைதான் வரும், மீதி 607 மி.மீ. பட்டையை ஷெல்ஃபுக்குத் தள்ள வேண்டும். அதே ஆழத்தை 600 மி.மீ. என்று மாற்றினால் மொத்தம் 1203 தான். ஷீட்டின் ஓரம் நசுங்கியிருக்கும் என்று இரண்டு பக்கமும் 5 மி.மீ. சீவினால்கூட 1210 கிடைக்கும், தாராளமாக அடங்கும். ஒரு வீட்டில் நான்கு வார்ட்ரோப் என்றால் எட்டுப் பக்கப் பலகைகள். எட்டு ஷீட்டைத் தொடுவதற்கும் நான்கு ஷீட்டில் முடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த 10 மி.மீ.தான். அனுபவமுள்ள ஆசாரிகள் இதைப் பேப்பரே இல்லாமல் சொல்வார்கள்: "ரெண்டு அடி வேண்டாங்க, இருபத்தி மூணரை இஞ்ச் வெச்சுக்கலாம்." பிளக்கின் அதையே வரையும் கட்டத்திலேயே, வாடிக்கையாளரிடம் டிசைனைக் காட்டும் முன்பே என் கண்ணில் காட்டிவிடுகிறது.

ஷட்டரில், அதாவது அலமாரிக் கதவில், மரக்கோடு மேலிருந்து கீழாக ஓட வேண்டும் என்றால், அந்த மெட்டீரியலுக்குக் கோட்டுத் திசை உண்டு என்று குறித்துவிட வேண்டும். அப்புறம் துண்டைத் திருப்பிப் போட்டு இடம் மிச்சம் பிடிக்காது. ஷீட் எண்ணிக்கை ஒன்றோ இரண்டோ கூடும், ஆனால் அதுதான் நிஜக் கணக்கு. கோட்டுத் திசையைக் கணக்கில் எடுக்காத எஸ்டிமேட்டை நம்பிக் கடைக்குப் போனால், பாதி வேலையில் மறுபடி ஷீட் வாங்க வேண்டியிருக்கும், அதற்குள் அதே மைக்காவின் ஷேடு மாறியிருக்கும்.

இது வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு பலகையும் தனி காம்போனென்டாக, அதாவது பெயரோடு கட்டிய தனிப் பொருளாக, இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மெட்டீரியல் கொடுத்திருக்க வேண்டும். வெறும் குரூப்பாக விட்டால் பட்டியலில் வராது. பலகையைச் சாய்வாக வரைந்துவிட்டு, அதன் அச்சு (ஆக்சிஸ்) பழைய திசையிலேயே இருந்தால் அளவும் தப்பாகக் காட்டும், அச்சைப் பலகையோடு ஒட்டித் திருப்பி வைக்க வேண்டும். முதலில் இது எரிச்சலாகத்தான் இருக்கும். கொஞ்ச நாளில் வரையும் முறையே மாறிவிடும். பக்கப் பலகை மேல்பலகையைத் தாங்குகிறதா, மேல்பலகை பக்கத்தின் மேல் உட்காருகிறதா என்று ஒவ்வொரு மூட்டிலும் முடிவெடுத்துத்தான் வரைய முடியும். பட்டறையில் கேட்கப்படும் கேள்வி மேசையிலேயே முடிந்துவிடுகிறது.

லேபிள் அச்சிடும் வசதியை நான் பெரிதாக நினைக்கவில்லை. "இதெல்லாம் எதுக்குங்க மேடம்" என்றுதான் எங்கள் ஆசாரியும் ஆரம்பத்தில் சொன்னார். இப்போது லேபிள் ஷீட் இல்லாமல் வேலையைத் தொடுவதில்லை. வெட்டிய துண்டு ஒவ்வொன்றிலும் எண்ணும் பெயரும் ஒட்டியிருப்பதால், சைட்டில் புதிதாக வந்த உதவியாள்கூட இது எந்த அறை, எந்தப் பெட்டி என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஒரே குறை, பட்டறையில் இஞ்சும் நூலும்தான் பேச்சு. ஒரு இஞ்சுக்கு எட்டு நூல் என்ற கணக்கில் யோசிப்பவரிடம் 597 மி.மீ. என்று நீட்டினால் வேலை நிற்கும். அதனால் லாஃப்ட், பூஜை அலமாரி போன்ற சின்ன வேலைகளுக்கு மாடலின் அலகையே இஞ்சுக்கு மாற்றி, எட்டில் ஒரு பங்கு துல்லியத்தில் பட்டியல் எடுத்துக் கொடுக்கிறோம்.

அடுத்து சாலிட் இன்ஸ்பெக்டர். தாம்தாம் என்ற பெயரில் எழுதுபவர் செய்த இலவச பிளக்கின். ஸ்கெட்ச்அப்பில் ஒரு பொருள் சாலிட் என்று ஏற்கப்பட, அதன் ஒவ்வொரு விளிம்பும் சரியாக இரண்டு பரப்புகளுக்குப் பொதுவாக இருக்க வேண்டும். உள்ளே மறந்துபோன ஒரு பரப்பு, தொங்கும் ஒரு கோடு, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, எது இருந்தாலும் சாலிட் இல்லை. இதனால் என்ன நஷ்டம்? பொருளின் விவரம் காட்டும் எண்டிட்டி இன்ஃபோ பலகத்தில் கன அளவு வராது. படிக்கட்டின் ஸ்லாப், லேண்டிங், பீம் எல்லாவற்றையும் தனித்தனி சாலிடாக வரைந்து வைத்தால், கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்று நேரடியாகப் படித்துக்கொள்ளலாம். படிக்கட்டைக் கையால் கணக்கிடுவது எவ்வளவு சள்ளை என்று செய்தவர்களுக்குத் தெரியும். சாலிட் இன்ஸ்பெக்டரை ஓட்டினால் பிழை இருக்கும் இடத்தைச் சிவப்பில் காட்டி, பெரும்பாலானவற்றைத் தானே திருத்தியும் தரும்.

அது திருத்த முடியாத ஒன்று உண்டு, சின்ன அளவுகள். ஸ்கெட்ச்அப் ஒரு இஞ்சின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வரும் இரண்டு புள்ளிகளை ஒன்றாகவே கருதும். டெரகோட்டா ஜாலியின் (காற்றுக்கு ஓட்டைகள் விட்ட தடுப்பு) விளிம்புகளை வளைவாக்கும்போது இந்தச் சிக்கல் அடிக்கடி வரும், நுண்ணிய பரப்புகள் உருவாகாமல் ஓட்டை விழும். ஜாலியை நூறு மடங்கு பெரிதாக்கி, வளைவு வேலையை முடித்து, மறுபடி சிறிதாக்கினால் ஓட்டை விழாது. ஏற்கெனவே உருவான பரப்பு சிறிதானாலும் அழியாது, புதிதாக உருவாவதில்தான் தடை.

அதே தாம்தாமின் கிளீன்அப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கெட்ச்அப்பின் இணைய மாடல் கிடங்கான 3டி வேர்ஹவுஸிலிருந்து ஒரு சோபாவை இறக்கி, ஃபைல் இரண்டு மடங்கு கனமாகிவிட்டால் அதை ஓட்டுங்கள்.

உருவம் செய்பவற்றில் ஃப்ரெடோ என்ற பெயரில் பிளக்கின் எழுதுபவரின் கருவிகளுக்கு இன்றும் மாற்றில்லை. வளைந்த பரப்பில், பரப்பை இழுத்துத் தடிமன் கொடுக்கும் ஸ்கெட்ச்அப்பின் புஷ்புல் வேலை செய்யாது, அவருடைய ஜாயின்ட் புஷ்புல் வளைந்த பரப்புக்கும் தடிமன் கொடுக்கும். எங்களுக்கு அது எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. ப்ரொஃபைல் பில்டர் கட்டணமுள்ளது, ஆனால் காம்பவுண்ட் சுவர், கிரில், ஹேண்ட்ரெயில் நிறைய வரைபவர்களுக்குப் போட்ட காசு திரும்பிவிடும். ஒரு கோட்டைக் காட்டினால் போதும், தூணும் கம்பியும் இடைவெளி கணக்கோடு அதன் வழியே நிற்கும். கோட்டின் நீளத்தை மாற்றினால் தூண்களும் அதற்கேற்ப மாறும்.

பணம் கொடுத்து வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். பிளக்கின்களால் மட்டும் முடிந்த பல வேலைகளை மென்பொருளே மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு வருகிறது. வெட்டுத் தோற்றத்தில் சுவரைத் தானாக நிரப்புவது 2018 பதிப்பில் வந்தது. கண்ணாடி பிம்பமாகத் திருப்பும் ஃபிளிப் கருவி 2023-இல் வந்தது. 2025 பதிப்பில் நிஜம் போன்ற மெட்டீரியல்களும் சூழல் ஒளியும் உள்ளேயே வந்துவிட்டன, சாதாரண கிளையன்ட் மீட்டிங்குக்குத் தனி ரெண்டர் (நிஜம் போன்ற படம்) தேவையில்லை என்ற அளவுக்கு. இறுதிப் படத்துக்கு வி-ரே, என்ஸ்கேப் போன்ற ரெண்டர் மென்பொருள்கள் வேண்டும்தான். சரி, அது வேறு பேச்சு.

புதிய பிளக்கின் எதுவானாலும் வேலை ஃபைலில் ஏற்றுவதற்கு முன் காலி ஃபைலில் இரண்டு சோதனை செய்வேன். அதை ஒருமுறை ஓட்டிவிட்டு கன்ட்ரோல் இசட் ஒரே ஒருமுறை அழுத்துவேன். செய்ததெல்லாம் ஒரே அடியில் திரும்பிப் போனால் எழுதியவருக்கு வேலை தெரியும் என்று அர்த்தம். நாற்பது தடவை அழுத்த வேண்டியிருந்தால் அப்போதே நீக்கிவிடலாம். இரண்டாவது, அது உருவாக்கிய கோடுகளும் பரப்புகளும் டேக் (மாடலின் பகுதிகளை மறைக்கவும் காட்டவும் கொடுக்கும் அடையாளம்) இல்லாத நிலையில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். கோடுகளுக்கே டேக் கொடுத்துவிடும் பிளக்கின், பிற்பாடு ஒரு டேக்கை அணைத்தால் பாதிச் சுவர் மட்டும் மறையும் நிலைக்குக் கொண்டுவிடும்.

சில பிளக்கின்கள் பின்னணியில் நம் ஒவ்வொரு சொடுக்கையும் கவனித்துக்கொண்டே இருக்கும். பெயர் வேண்டாம், எங்கள் மாடல் ஒன்றில் ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுக்கவே மூச்சு முட்டியதற்கு அப்படி ஒன்றுதான் காரணம். பிளக்கின்களை அணைத்து இயக்கும் எக்ஸ்டென்ஷன் மேனேஜரில் பாதியை அணைத்துப் பார்ப்பது, பிறகு மீதியில் பாதி என்று போனால் எது என்று சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும், உரிமப் பூட்டை உடைத்த பிளக்கின்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஸ்கெட்ச்அப் பிளக்கின் என்பது ரூபி மொழியில் எழுதிய நிரல். அதற்கு வேலி ஏதும் கிடையாது, உங்கள் கணினியில் உள்ள ஃபைல்களைப் படிக்கவும் அழிக்கவும் அதனால் முடியும். படிக்கும் மாணவர்களிடம் இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

சரிபார்ப்பதில் பிளக்கினே தேவைப்படாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், நிழல். இடம் குறிக்காத மாடலில் ஸ்கெட்ச்அப் நிழலைக் கணக்கிடுவது, அந்த மென்பொருள் பிறந்த அமெரிக்காவின் பவுல்டர் நகருக்கு. அது வடக்கே 40 டிகிரியில் இருக்கிறது, கோவை 11-இல். டிசம்பர் மதியம் பவுல்டரில் சூரியன் 27 டிகிரி உயரம்கூட வராது, இங்கே 55-க்கு மேல். இங்கே ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதிய சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், பவுல்டரில் அது நடக்கவே நடக்காது. ஜியோ லொகேஷன் போடாமல் நிழல் பார்த்து சன்ஷேடு நீளத்தை முடிவு செய்தால், வேறொரு நாட்டு வெயிலுக்கு வீடு கட்டியதாகிவிடும். இடத்தைக் குறித்துவிட்டு ஜூன் மாதக் காலை எட்டு மணியைப் பாருங்கள். வடக்கு ஜன்னலில் சாய்ந்து விழும் வெயிலுக்கு மேலே சன்ஷேடு போதாது, கிழக்குப் பக்கம் செங்குத்தாக ஒரு தடுப்பும் வேண்டும் என்று தெரியும்.

மாடலிலிருந்து நொடியில் படம் செய்யும் ஏஐ கருவிகளையும் பயன்படுத்துகிறோம். ஆரம்பக் கட்டத்தில் நிறமும் மனநிலையும் பேச உதவுகின்றன. அதற்கு மேல் நான் அனுமதிப்பதில்லை. ஜன்னல் இடம் மாறும், திண்ணை வேறெதுவோ ஆகும், வாடிக்கையாளர் அந்தப் படத்தை மனதில் பிடித்துக்கொள்வார். கட்ட முடியாததைக் காட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நான் இன்னும் தேடிக்கொண்டிருப்பது கம்பிக்கு. தூண், பீம், ஸ்லாபுக்குக் கம்பி போட்டு, கம்பி வளைப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2502 முறைப்படி வளைவு நீளத்தோடு கம்பிப் பட்டியல் தரும் ஒரு பிளக்கின். பார்த்தவை எதுவும் கம்பி வளைக்கும் நம் பார்பெண்டர் கையில் அப்படியே கொடுக்கும்படி இல்லை, அதனால் அந்த வேலை மட்டும் இன்னும் எக்செல்லில்தான் நடக்கிறது. இங்கே அப்படி ஒன்றைச் சைட்டில் வைத்து உபயோகித்தவர்கள் இருந்தால், பட்டியலின் ஒரு பக்கத்தையாவது காட்டுங்கள்.