கொழிஞ்சாம்பாறையில் பிசியோதெரபி: கை நல்ல கை, அறைக்குத்தான் கதவு வேண்டும்

எனக்குச் சர்க்கரை உண்டு. தோள்பட்டை இறுகிப்போவது எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். இடது கையைத் தூக்கித் தலை பின்ன முடியாமல் போனதும், கோயம்புத்தூர் வரை பஸ்ஸில் போய் வருவானேன் என்று பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலேயே ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் சேர்ந்தேன். குறையும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை.

அங்கிருக்கும் மலையாளிப் பெண்ணுக்கு அபார நிதானம். சூடு ஒத்தடம், கரண்ட் வைப்பது எல்லாம் சும்மா முன்னுரை. அப்புறம் முழங்கையைப் பிடித்து, கையை வெளிப்பக்கம் திருப்பி, "குறச்சு கூடி, சேச்சி" என்று இன்னும் இரண்டு விரற்கடை கொண்டுபோவார். உயிர் போகும். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இப்போது என் மருந்துக்கடையில் மேல் தட்டு மருந்தை நானே எடுக்கிறேன்.

குறை அறையில்தான். கட்டிலுக்கு நேர் எதிரே, கூட வந்தவர்களுக்கு நாற்காலி. என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து, என் கை நகரும்போதெல்லாம் தன் தோளைச் சுருக்குவார். ஒருநாள் "போதும்ங்க, விட்டுருங்க" என்று எழுந்தே விட்டார். அந்தப் பெண்ணும் பிடியைத் தளர்த்திவிட்டார். அன்றைய சிகிச்சை பாதியில் நின்றது.

வீட்டுக்காரர்மேல் தப்பில்லை. மருந்துக்கடை நடத்துவதால் இதையெல்லாம் தேடிப் படிப்பேன். 2004-ல் லண்டனில் தானியா சிங்கர் என்ற மூளை ஆய்வாளரின் குழு 16 ஜோடிகளை வைத்துச் சோதித்தது. ஸ்கேனில் படுத்திருந்த பெண்ணின் கைக்கு ஒரு ஷாக், பக்கத்திலிருந்த துணைவரின் கைக்கு ஒரு ஷாக். இரண்டுக்குமே அவள் மூளையில் வலியின் அவஸ்தையோடு தொடர்புள்ள இன்சுலாவின் முன்பகுதியும் சிங்குலேட் பகுதியும் வேலை செய்தன. வலி உடம்பில் எங்கே என்று குறிக்கும் பகுதி மட்டும் துணைவரின் வலிக்கு அசையவில்லை. அதாவது தோள் எனக்கு, அவஸ்தை இருவருக்கும்.

2015-ல் வெளிவந்த வியன்னா ஆய்வு இன்னும் சுவாரசியம். வலி மாத்திரை என்று சொல்லி மருந்தில்லாத மாத்திரையைக் கொடுத்தார்கள். தன் வலி குறைந்தது மட்டுமில்லை, அடுத்தவர் வலியைப் பார்த்துப் படும் சங்கடமும் குறைந்தது. நால்ட்ரெக்சோன் கொடுத்துப் பார்த்தால் இரண்டு பலனும் போய்விட்டன. அது குடியை நிறுத்துபவர்களுக்கு டாக்டர்கள் எழுதும் மருந்து. வலியைக் குறைக்க உடம்பு தானே சுரக்கும் ஓபியாய்டு என்ற பொருள்கள் போய் ஒட்டும் இடங்களை அடைத்துவிடும். அடுத்த வருஷம் வந்த ஒஹையோ ஆய்வில், 1000 மில்லிகிராம் பாரசிட்டமால் சாப்பிட்டவர்களும் பிறர் வலிக்குக் குறைவாகவே இளகினார்கள். அதற்காக வீட்டுக்காரருக்கு இரண்டு மாத்திரை கொடுத்தா கூட்டிப்போக முடியும்?

ஒரு கதவு போட்டு, நாற்காலிகளை வராந்தாவுக்கு மாற்றினால் போதும். திரைக்கு அந்தப் பக்கம் முட்டி மடக்கும் பெரியவர் போடும் சத்தத்துக்கு நானே இறுகிப்போகிறேன். அவருக்கும் ஒரு தடுப்புச் சுவர் நல்லது. அதுவரை, கூட வருபவரை எதிர் டீக்கடையில் உட்கார வையுங்கள்.

ஒரு தடவைக்கு 300 ரூபாய். காலையில் போனால் காத்திருக்க வேண்டாம்.