முன் அனுமதியா, பின் நீக்கமா: சிறிய ஆர்வக் குழுமங்களுக்கான இரண்டு மட்டுறுத்தல் முறைகள்

தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவர்களுக்கான ஒரு சிறிய இணையக் குழுமத்தின் மட்டுறுத்துநர்களில், அதாவது பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவர்களில், நானும் ஒருவன். விளம்பரக் குப்பைகளையும் வம்புக்கென்றே வருபவர்களையும் சமாளிக்க எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. புதிய உறுப்பினரின் முதல் சில பதிவுகளை மட்டுறுத்துநர் ஒருவர் படித்து விடுவித்த பிறகே பிறர் பார்வைக்கு வைப்பது ஒன்று. எல்லாப் பதிவுகளையும் உடனுக்குடன் வெளியிட்டுவிட்டு, உறுப்பினர்கள் புகார் அளிக்கும்போது நீக்குவது மற்றொன்று. இரண்டையும் நடத்திப் பார்த்த பிறகு முன் அனுமதி முறையில் நிலைத்துவிட்டோம். எங்களைப் போன்ற சிறிய குழுமங்களுக்கு அதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு முறைகளுக்கும் பொதுவாகத் தேவைப்படுபவற்றை முதலில் சொல்லிவிடலாம். எழுதுவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா புதிர் வேண்டும், ஆனால் அதைத் தீர்த்துத் தரும் மென்பொருள்களும் கூலிக்கு ஆட்களும் கிடைப்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2005 முதல் இயங்கிவரும் அகிஸ்மெட் போன்ற வடிகட்டிகளும், அறியப்பட்ட ஸ்பாம் முகவரிகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஸ்டாப் ஃபோரம் ஸ்பாம் போன்ற தரவுத்தளங்களும் முரட்டுத்தனமான குப்பையைப் பெருமளவு தடுத்துவிடும். பதிவு செய்யும் படிவத்தில் அந்தத் துறையில் ஆர்வமுள்ளவருக்கு மட்டும் சட்டென்று விடை தெரியும் கேள்வி ஒன்றை வைப்பதும் நல்ல பலன் தருகிறது. இவற்றையெல்லாம் தாண்டி உள்ளே வருபவற்றை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு முறைகளும் பிரிகின்றன.

அப்படி உள்ளே வருபவை இன்று பார்வைக்குக் குப்பையாகவே தெரிவதில்லை. டாப்சோனியன் தொலைநோக்கியின் ஆடிகளை நேர்ப்படுத்துவது எப்படி என்று புதியவர் ஒருவர் கேட்கிறார். கேள்வி நேர்த்தியாக இருக்கிறது. ஏற்கெனவே படித்ததுபோலவும் தோன்றுகிறது. தேடிப் பார்த்தால், பல ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் கேட்ட கேள்வி எழுத்துப் பிசகாமல் அப்படியே நகலெடுக்கப்பட்டிருக்கிறது. கடைசி வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்குள் சூதாட்டத் தளம் ஒன்றின் இணைப்பு ஒளிந்திருக்கிறது. இன்னொரு வகையினர் முதலில் இணைப்பே இல்லாமல் எழுதிவிட்டு, வாரங்கள் கழித்து, அந்த இழையை, அதாவது கேள்வியும் பதில்களும் சேர்ந்த உரையாடலை, எவரும் பார்க்காத நேரத்தில் பழைய பதிவைத் திருத்தி இணைப்பைச் செருகுகிறார்கள். உறுப்பினர்கள் இடும் இணைப்புகளுக்கு மதிப்பளிக்க வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் நோஃபாலோ குறி 2005இல் வந்தபோது இந்தத் தொழில் படுத்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், அப்படி நடக்கவில்லை.

இரண்டு முறைகளையும் ஒப்பிடும்போது எது அதிகக் குப்பையைப் பிடிக்கிறது என்றே பெரும்பாலோர் கேட்கிறார்கள். என் பார்வையில் அது இரண்டாம் நிலைக் கேள்வி. மட்டுறுத்துநரின் உழைப்பு எந்த நேரத்தில், எந்த வடிவில் வந்து விழுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். ஏனென்றால், சம்பளம் இல்லாமல், வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் இதைச் செய்பவர்கள் சலித்து விலகிவிட்டால் குழுமமே நின்றுபோகும்.

முன் அனுமதி முறையில் வேலை வரிசையில் காத்திருக்கிறது. எனக்கு வசதிப்பட்ட நேரத்தில் திறந்து, ஒவ்வொரு பதிவையும் சில நொடிகள் படித்து, விடுவிக்கலாம் அல்லது நீக்கலாம். நீக்கப்பட்ட குப்பையை வேறு எவரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்பதால் வேலை அந்த நொடியிலேயே முடிந்துவிடுகிறது. பின் நீக்க முறையில் வேலை அதற்கு வசதிப்பட்ட நேரத்தில் வருகிறது. பெரும்பாலும் தனியாகவும் வருவதில்லை. விளம்பரப் பதிவுக்குக் கீழே நான்கு பேர் கோபமாகப் பதில் எழுதியிருப்பார்கள். ஒருவர் அதை மேற்கோள் காட்டியிருப்பார், இணைப்போடு சேர்த்து. மூலப் பதிவை நீக்கினால் பதில்கள் அந்தரத்தில் தொங்கும்; அவற்றையும் நீக்கினால் நல்லெண்ணத்தோடு எழுதியவர்கள் மனம் வருந்துவார்கள். இதைவிடக் கடினமானது மின்னஞ்சல். ஓர் இழையைப் பின்தொடர்பவர்களுக்குப் புதிய பதிவு முழுமையாக மின்னஞ்சலில் போகும்படி அமைத்திருந்தால், தளத்தில் நாம் எதை நீக்கினாலும் அவர்களுடைய அஞ்சல் பெட்டியில் போய்ச் சேர்ந்துவிட்டதைத் திரும்பப் பெற முடியாது. நீக்கம் என்று நாம் சொல்வது அந்த நிலையில் பாதி நீக்கமே.

வேலையின் அளவிலும் வேறுபாடு உண்டு. முன் அனுமதிக்குரிய வேலை புதிதாகச் சேர்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒருவர் தம் முதல் மூன்று பதிவுகளைக் கடந்துவிட்டால் அதன் பிறகு அவரால் எந்தச் சுமையும் இல்லை. பின் நீக்கத்துக்குரிய வேலையோ, யாராவது ஒருவர் எப்போதும் கண் விழித்திருக்க வேண்டும் என்ற கவலையையும் உடன் கொண்டுவருகிறது. அந்தக் கவலைதான் எங்கள் மட்டுறுத்துநர்களை அதிகம் களைப்படையச் செய்தது.

பின் நீக்கத்தின் பக்கம் வலுவான நியாயம் ஒன்று உண்டு. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முழு சந்திர கிரகணம் நடந்துகொண்டிருக்கும் இரவில், அதைப் படம் பிடிக்க எக்ஸ்போஷர் எவ்வளவு வைப்பது என்று புதியவர் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலா பூமியின் நிழலுக்குள் முழுதாக இருக்கும் நேரம் மிக நீண்ட கிரகணங்களில்கூட இரண்டு மணியை எட்டாது. அந்தக் கேள்வி காலைவரை வரிசையில் கிடந்தால் அவருக்கு நாம் எந்த உதவியும் செய்யவில்லை. அவர் திரும்பி வருவார் என்றும் எதிர்பார்க்க முடியாது. இதற்காகவே நீண்டகால உறுப்பினர்கள் சிலருக்கும் பதிவுகளை விடுவிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறோம். குறை முழுதாகத் தீரவில்லை, குறைந்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே நம்பிக்கைப் படிநிலை என்று ஒரு வழி உண்டு. குழுமங்களை நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் அது உள்ளமைந்தே வருகிறது: புதியவர் உடனே எழுதலாம், ஆனால் இணைப்புகளுக்கும் படங்களுக்கும் வரம்பு உண்டு, இயல்புநிலை அமைப்பின்படி 5 இழைகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, மொத்தம் 10 நிமிடங்கள் வாசிப்பில் செலவிட்ட பிறகு அடுத்த படிக்கு உயர்கிறார். அழகான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. அதை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர நடத்தியதில்லை என்பதால், எங்கள் முறையைவிட மேலானதா என்று தீர்ப்புச் சொல்ல நான் தகுதியானவன் அல்லன்.

வம்பர்களின் விஷயம் வேறு. அவர்களுக்கு எதிராக முன் அனுமதி பலவீனமானது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ட்ரோல் ஒருவரின் முதல் மூன்று பதிவுகள் பெரும்பாலும் கண்ணியமாகவே இருக்கும். அதன் பிறகுதான், தொடக்கநிலையாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் "இதுகூடத் தெரியாமல் எதற்குத் தொலைநோக்கி வாங்கினீர்கள்" என்ற வகைப் பதில்கள் முளைக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தால் நீக்கும் அளவுக்கு மோசமில்லை. தொகுத்துப் பார்த்தால் புதியவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிப் போவது தெரியும்.

ஆயினும் வரிசை இங்கும் பயன்படுகிறது. அப்படிப்பட்டவரை உடனே வெளியேற்றாமல், அவருடைய பதிவுகளை மட்டும் மீண்டும் முன் அனுமதிக்குள் கொண்டுவந்து, ஏன் என்று அவருக்கு வெளிப்படையாக எழுதிவிடுகிறோம். உள்ளடக்கம் உள்ள பதிவு விடுவிக்கப்படும், சீண்டல் விடுவிக்கப்படாது. சீண்டலுக்குக் கிடைக்கும் உடனடி எதிர்வினையே அவருக்குரிய கூலி. அது பல மணி நேரம் தள்ளிப்போனால் பெரும்பாலோர் ஆர்வம் இழந்து கிளம்பிவிடுகிறார்கள். ஒரு சிலர் பேச்சை மாற்றிக்கொண்டு நல்ல உறுப்பினர்களாகவே தொடர்கிறார்கள். முழுத் தடையைச் சந்தித்தவர் வேறு பெயரில் திரும்பி வருகிறார்; வந்தால் அவரும் புதியவராக வரிசையில்தான் நிற்க வேண்டும். எழுதுவது பிறருக்குத் தெரியாமலும், தெரியவில்லை என்பது எழுதியவருக்கே தெரியாமலும் செய்யும் மறைமுகத் தடையை நாங்கள் பயன்படுத்துவதில்லை. விளம்பர இயந்திரத்துக்கு அது பொருந்தலாம். ஒரு மனிதரை யாருமற்ற அறையில் பேசவிட்டு வேடிக்கை பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான புதியவர்கள் சேரும் பெரிய தளத்துக்கு இந்த முடிவை நான் நீட்டிச் சொல்லமாட்டேன். வரிசை அங்கே நீண்டுகொண்டே போகும் என்பது என் ஊகம். சிறிய குழுமத்தில் இதைத் தொடங்குபவர்கள் மூன்று அமைப்புகளைச் சேர்த்தே செய்துவிட வேண்டும். புதியவர் தம் பதிவைத் திருத்தும் காலத்தை அரை மணி நேரத்துக்குள் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அனுமதி பெற்ற பதிவிலேயே இணைப்பு பின்னால் வந்து அமரும். சுயவிவரப் பக்கத்திலும் கையொப்பத்திலும் இணைப்பு இடும் உரிமையை முதல் சில பதிவுகள்வரை நிறுத்தி வையுங்கள். பதிவு வரிசையில் காத்திருக்கிறது என்பதையும், உத்தேசமாக எப்போது வெளியாகும் என்பதையும் எழுதியவுடனேயே அவருக்குத் தெரியும்படி காட்டுங்கள். அந்தச் செய்தி இல்லாத குழுமங்களில் புதியவர்கள் தங்கள் பதிவு தொலைந்துவிட்டதென்று எண்ணி அதையே திரும்பத் திரும்ப எழுதி, வரிசையை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள்.