வண்டல் கடலுக்கும் குளிர் ஏரிக்கும் ஒரே ரெகுலேட்டர்: ஏபெக்ஸ் எக்ஸ்டிஎக்ஸ் 50

காரைக்காலில் குடியிருந்துகொண்டு ஸ்கூபா முக்குளிக்கும் ஒருவர், சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் ரெகுலேட்டரை வாங்கப் போனால், அவரிடம் யாரும் குளிர்நீரைப் பற்றிப் பேசமாட்டார்கள். அரசலாறு கடலில் கலக்கும் இடத்தைத் தாண்டிப் படகில் போய் எங்கே இறங்கினாலும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். நானும் அப்படி எண்ணியே முதலில் விலை குறைந்த, உள்ளே நீர் புகாதபடி அடைக்கப்படாத ஒரு பிஸ்டன் ரெகுலேட்டரை வாங்கினேன். இப்போது மூன்றாவது ஆண்டாக ஏபெக்ஸ் எக்ஸ்டிஎக்ஸ் 50 என்னிடம் இருக்கிறது. குளிர்நீருக்கென்று பெயர் பெற்ற இந்தக் கருவி குளிர்நீரைவிட நம் ஊர்க் கலங்கல் நீரில்தான் எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கும் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்குமாறு, சிலிண்டரின் வால்வில் பொருத்தும் முதல் நிலை குறைக்கிறது. அங்கிருந்து குழாய் வழியாக வரும் காற்றை, மூச்சு இழுக்கும் அளவுக்கு வாயருகே உள்ள இரண்டாம் நிலை குறைக்கிறது. எந்த ஆழத்தில் இருக்கிறோம் என்பதை முதல் நிலை அறிய வேண்டுமென்றால் நீரின் அழுத்தம் அதன் பொறியமைப்பைத் தொட்டாக வேண்டும். சாதாரண பிஸ்டன் வகையில் கடல்நீரே உள்ளே புகுந்து ஸ்ப்ரிங்கையும் பிஸ்டன் தண்டையும் நனைக்கிறது. அடைக்கப்பட்ட டயாஃப்ரம் வகையிலோ வெளியே உள்ள ஒரு சவ்வு அழுத்தத்தை மட்டும் உள்ளே கடத்துகிறது, நீரை விடுவதில்லை. இதில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்வதற்கில்லை. ஸ்கூபாப்ரோ நிறுவனமே எம்கே25 என்ற பிஸ்டனையும் எம்கே17 என்ற அடைக்கப்பட்ட டயாஃப்ரத்தையும் அடுத்தடுத்து வைத்து விற்கிறது. காற்று தாராளமாக வருவதில் எம்கே25க்கு இருக்கும் நற்பெயர் நியாயமானதே. எந்த நீரில் இறங்கப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் தேர்வு அமைய வேண்டும்.

நம்முடையது வண்டல் நீர். ஐப்பசி, கார்த்திகையில் ஆறுகள் கொண்டுவந்து தள்ளும் மண் அடங்குவதற்கே மாசி ஆகிவிடும். அப்போதும் காற்று சற்று வலுத்தால் நீட்டிய கை தெரியாது. பூம்புகாருக்கு அப்பால் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் முக்குளிப்பாளர்கள் ஒரு கப்பலின் சிதைவைக் கண்டார்கள் என்பதும், அதிலிருந்த ஈயக் கட்டிகளில் 1791, 1792 என்ற ஆண்டுகள் பொறித்திருந்தன என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த எண்களை நீருக்கடியில் வைத்தே படித்திருக்க முடியுமா என்று நான் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நினைத்துக்கொள்வேன்.

இத்தகைய நீர் ரெகுலேட்டரை என்ன செய்கிறது என்பதை, என் பழைய பிஸ்டனைச் சர்வீஸுக்காகப் பிரித்த மேசையில் பார்த்தேன். ஸ்ப்ரிங்கின் சுருள்களுக்கிடையே திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து அப்பியதுபோலச் சாம்பல் நிற வண்டல் படிந்திருந்தது. தண்டைச் சுற்றியிருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் இருந்தன. எக்ஸ்டிஎக்ஸ் 50ஐ இதுவரை இருமுறை பிரித்திருக்கிறோம்; இரண்டு முறையும் வெளிச்சவ்வுக்கு அப்பால் ஸ்ப்ரிங் அறை உலர்ந்தே இருந்தது. நான் கொடுத்த பணத்துக்கு இந்த ஒரு காட்சியே போதும் என்பேன்.

கழுவும் தண்ணீரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ‘நல்ல நீரில் அலசுங்கள்’ என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. கடலோர டெல்டாவில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும்போது அதில் அலசி என்ன பயன்? குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரை ஓர் அண்டாவில் பிடித்து, முதல் நிலையின் மூடியை ஈரமில்லாமல் துடைத்து இறுக்கிய பிறகு, ஒரு மணி நேரமாவது ஊற வைக்கிறேன். ஊறும்போது இரண்டாம் நிலையில் காற்றைப் பாயவிடும் பர்ஜ் பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் தண்ணீர் குழாய் வழியாக முதல் நிலைக்குள் போய்விடும்.

இனி குளிர்நீர். காரைக்காலில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் பிரான்ஸில் ஒரு தாய்மாமா உண்டு. அவரைப் பார்க்கப் போன ஓர் ஆகஸ்டில், அங்குள்ள முக்குளிப்புக் குழுவுடன் ஆனெசி ஏரியில் இறங்கினேன். மேற்பரப்பில் 22 பாகை இருந்த நீர் 25 மீட்டரில் 8 பாகையாக இருந்தது. அந்தக் குழுவில் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள், இரண்டு முதல் நிலைகள் என்பது விதி. ஒன்றில் என் பழைய பிஸ்டன், மற்றதில் அவர்கள் கொடுத்த ரெகுலேட்டர். கீழே போய்ச் சில நிமிடங்களில், மூச்சு வாங்கிக்கொண்டே, மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டையான பிசிடியில் காற்றையும் ஏற்றினேன். வாயிலிருந்த என் பழைய ரெகுலேட்டர் சீறத் தொடங்கியது; மூச்சு விட்ட பிறகும் நிற்கவில்லை. முகத்தைச் சுற்றிக் குமிழியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மற்றொன்றை வாயில் வைத்ததும் வழிகாட்டி பின்னால் வந்து அந்த வால்வை அடைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. 140 பாரில் இருந்த முள் 80க்கு வந்திருந்தது.

அழுத்தம் மிகுந்த காற்று திடீரென விரியும்போது கடுமையாகக் குளிரும். நீர் புகுந்த பிஸ்டன் அறையில் அந்தக் குளிர் பனிக்கட்டியை உண்டாக்கினால் பிஸ்டன் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். இரண்டு நிலைகளுக்கும் நடுவே குழாயில் உள்ள இடை அழுத்தம் ஏறும். இரண்டாம் நிலை தானே திறந்துகொள்ளும். காற்று பாயப் பாய மேலும் குளிரும். கடல்நீர் மைனஸ் 1.9 பாகை அளவில்தான் உறையும் என்பதால் நன்னீர் ஏரிகளில் இந்த ஆபத்து சற்று அதிகம்.

கரைக்கு வந்து துடைக்கும்போதுதான் என் முதல் நிலையில் ‘>10’ என்று பொறித்திருந்ததைக் கவனித்தேன். அதுவரை அதை ஏதோ மாடல் எண் என்று நினைத்திருந்தேன். இஎன் 250 என்ற ஐரோப்பியத் தரத்தில் 10 பாகைக்குக் கீழ்ப்பட்டதெல்லாம் குளிர்நீர். அதற்கான சோதனையில் தேறாத கருவிகள்தான் இந்தக் குறியைத் தாங்குகின்றன. 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் மூச்சுக் காற்று என்ற கடும் உழைப்பில் ரெகுலேட்டரை இயக்கிப் பார்க்கிறார்கள்; குளிர்நீர்ச் சோதனையை 4 பாகை அல்லது அதற்கும் குறைந்த நீரில் செய்கிறார்கள். வாங்குமுன் விளம்பரத் தாளைவிட இந்தப் பொறிப்பைத் தேடிப் படிப்பது நல்லது.

அடுத்த ஆண்டு எக்ஸ்டிஎக்ஸ் 50உடன் அதே ஏரியில் எட்டு முறை இறங்கினேன். ஒரு முறையும் சீறவில்லை. குழாய் இரண்டாம் நிலையோடு சேரும் இடத்தில் உள்ள செதில் போன்ற உலோகப் பகுதி சுற்றியுள்ள நீரின் வெப்பத்தை வாங்கி உள்ளே கடத்துகிறது. மூச்சின் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு தடித்த கையுறையோடும் பிடிபடுகிறது. குமிழிகளைப் பக்கவாட்டில் விலக்கும் பகுதியை அகலமாகவோ குறுகலாகவோ மாற்றிக்கொள்ளலாம். கலங்கல் நீரில் அழுத்தமானியை முகத்தருகே பிடித்துப் படிக்க வேண்டியிருப்பதால் நான் அகலமானதையே வைத்திருக்கிறேன். ஆனால் கருவி நன்றாக இருந்தாலும் பழக்கம் கெட்டால் உறையத்தான் செய்யும். நீரில் இறங்குமுன் குளிர்ந்த வெளிக்காற்றில் மூச்சு இழுத்துப் பார்க்காமலும், பர்ஜை நீண்ட நேரம் அழுத்தாமலும், பிசிடியில் சிறிது சிறிதாக மட்டும் காற்றை ஏற்றியும் இருந்தேன் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிலிண்டர் வால்வோடு சேரும் இணைப்பில் இரண்டு வகை உண்டு: வால்வுக்குள் திருகும் டின் (DIN), வால்வின் மேல் கவ்விப் பிடிக்கும் யோக். நான் டின் வாங்கினேன். நம் பக்கத்தில் புழங்கும் அலுமினிய சிலிண்டர்களில் பெரும்பாலும் யோக்தான் பொருந்தும் என்பதால் ஓர் அடாப்டர் எப்போதும் பையில் கிடக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணமே இல்லாதவர் யோக்கையே வாங்கிவிடலாம்.

காரைக்காலில் சர்வீஸ் வசதி இல்லை. பழைய பிஸ்டனை வெளியூரில் ஓர் இடத்தில் கொடுத்து வாங்கியபோது, பணம் வாங்கினார்களே தவிர இடை அழுத்தத்தைச் சரிபார்க்கவில்லை. பிசிடி குழாயில் மாட்டும் சிறிய மானியை வீட்டில் பொருத்திப் பார்த்தேன். 9.5 பாரில் நிற்க வேண்டிய முள், நான் காபி குடித்து முடிப்பதற்குள் நகர்ந்து நகர்ந்து 11ஐத் தொட்டது. உள்வால்வு சரியாக மூடவில்லை என்று அதற்குப் பொருள். அந்தச் சிறு மானி ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தமான் போன்ற தெளிந்த கடலில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் இறங்குபவருக்கு எக்ஸ்டிஎக்ஸ் 50 தேவையில்லை. ஸ்கூபாப்ரோ எம்கே2 போன்ற எளிய பிஸ்டன் அவருக்குப் போதும். உதிரிபாகங்கள் குறைவு, சர்வீஸ் செலவும் குறைவு. காரைக்காலிலோ தரங்கம்பாடியிலோ இறங்குபவரானால், பிரான்ஸில் மாமா இல்லாவிட்டாலும் அடைக்கப்பட்ட டயாஃப்ரம் ஒன்றையே வாங்கச் சொல்வேன். நானோ அடுத்த ஆகஸ்டுக்குள் டின் இணைப்பில் இரண்டாவது முதல் நிலை ஒன்றை வாங்கியாக வேண்டும்; இரவல் ரெகுலேட்டரோடு அந்த ஏரியில் மறுபடி இறங்குவதாக இல்லை.